ஏலச்செடி இல்லாத சின்ராசு

போடி பஸ் நிலையத்துக்குப் பின்னால், மருந்துக்கடை மாடியில் என் அறை இருக்கிறது. வாசலில் ‘முத்துப்பிரியா வெப் சொல்யூஷன்ஸ்’ என்று பலகை. பன்மையில் எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது நான் ஒருத்திதான். ஊரில் பாதிப் பேருக்கு நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவள். மீதிப் பேருக்கு ஜெராக்ஸ் எடுப்பவள்.

போன மழைக்காலத்தில் விஜயபாண்டி அண்ணன் மாடியேறி வந்தார். ஏலக்காய் விவசாயிகள் சங்கம் ஒன்றின் செயலாளர். சங்கத்தின் இணையதளம் நான் செய்து கொடுத்தது.

“பாப்பா, வாட்ஸ்அப்புல ஒருத்தன் நல்ல யோசனை சொல்றான். மறுநாள் தேடுனா பொறந்தநாள் கேக்குக்கு அடியில போயிருது. நம்ம சைட்டுலயே பேசிக்கிற மாதிரி, பின்னாடி தேடி எடுக்கிற மாதிரி ஒண்ணு வச்சுக் குடு.”

“அதுக்குப் பேரு ஃபோரம்ணே,” என்றேன், பத்துப் பதினைந்து செய்து முடித்தவள் மாதிரி. அதுவரை ஒன்றுகூடச் செய்ததில்லை.

தேடியதில் இரண்டு மென்பொருள்கள் தேறின. ஒன்று, இருக்கிற தளத்திலேயே சேர்த்துவிடக்கூடிய சின்ன ப்ளக்இன். எந்தப் போனிலும் திறக்கும். பார்க்க ரேஷன் கார்டு மாதிரி இருக்கும். இன்னொன்றுக்குத் தனி சர்வர் வேண்டும். ஆனால் உறுப்பினர்களுக்குப் பதக்கம், பட்டம், வாராவாரம் தானாகப் போகும் மின்னஞ்சல் என்று கல்யாண மண்டபமாய் ஜொலித்தது. மலைச்சரிவில் சிக்னல் ஒற்றைக் கோடுதான் என்பதோ, தோட்டக்காரர்கள் யாரும் என்னிடம் பதக்கம் கேட்கவில்லை என்பதோ எனக்கு உறைக்கவில்லை. மண்டபத்தையே எடுத்தேன்.

காலியாகக் காட்டினால் எடுபடாது என்று மாதிரிக்குச் சில பதிவுகள் எழுதினேன். மலைக்கிராமமான குரங்கணியில் சின்ராசு என்றொரு விவசாயியைப் படைத்து, அவர் வாயால் கேட்டேன்: ‘மழையில் ஏலக்காயெல்லாம் அழுகி உதிர்கிறது. மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்?’ கேள்விக்குப் பிள்ளைகள் தேவையே இல்லை. எனக்குள் இருந்த எழுத்தாளர் பெற்றுப்போட்ட பிள்ளைகள் அவை.

ஃபோரம் திறந்த அன்று அந்தப் பதிவை நீக்க மறந்துபோனேன். நான் பெருமைப்பட்டுக்கொண்ட அந்த வாராந்திர மின்னஞ்சல், சின்ராசின் சோகத்தைத் தலைப்பில் தூக்கி வைத்துக்கொண்டு சங்கத்தார் அத்தனை பேருக்கும் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் போன் வந்தது.

“தாயி, நான் சிலமலை பாண்டித்துரை, சங்கத்து மெம்பரு. ஜீப்புல மருந்தும் ஸ்ப்ரேயரும் ஏத்திக்கிட்டு குரங்கணி வந்துட்டேன். இங்க ஒரே ஒரு சின்ராசுதான் இருக்காரு, டீக்கடை வச்சிருக்காரு. ஏலச்செடியே இல்லைங்கிறாரு. மானத்துக்குப் பயந்து மறைக்கிறாருன்னு நானும் இம்புட்டு நேரமா ஆறுதல் சொல்லிக்கிட்டிருக்கேன்.”

பின்னால் ஒரு குரல் கேட்டது: “எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலைன்னு அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லுங்கண்ணே!”

பதிவு போட்ட சின்ராசு வேறு ஆள், தோட்டத்தை விற்றுவிட்டுப் போய்விட்டார் என்று சொல்லிவிடலாமா என யோசித்தேன். மனசு வரவில்லை.

“அண்ணே… அந்தச் சின்ராசு நான்தாண்ணே.”

சிக்னல் போய்விட்டது என்று ஆசையோடு நம்பினேன். போகவில்லை.

“ஒனக்கு ஏது தாயி தோட்டம்?”

“மாடியில ஒரு துளசிச்செடி இருக்குண்ணே.”

சிரித்துத் தீர்த்தார். “சரி விடு. ஆளு பொய்யின்னாலும் கேள்வி மெய்தான். எனக்கே முந்துன வருசம் அப்படித்தான் உதிர்ந்துச்சு. அதை அழிச்சிராத, நான் என்ன செஞ்சேன்னு கீழ எழுதுறேன்.”

குரங்கணியில் பக்கம் திறக்கவே இல்லை. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்ததாம். ஜீப்பைப் போடிக்குத் திருப்பி, என் அறையில் உட்கார்ந்து ஒற்றை விரலால் எழுதினார். நிழல் மரத்துக் கிளையைக் கழித்தது, தண்ணீர் நிற்காமல் வாய்க்கால் வெட்டியது, அழுகலைத் தடுக்கும் போர்டோ கலவை அடித்தது. நான் பதிவின் தலையில் ‘இது கற்பனைக் கேள்வி’ என்று போட்டேன். அதற்குப் பிறகுதான் கூட்டம் வந்தது. அவரவர் தோட்டத்து அழுகலை அவரவர் பெயரிலேயே எழுதினார்கள்.

மலையில் பக்கம் திறக்க வேண்டுமே என்று பதக்கத்தை அணைத்தேன், பட்டத்தை அணைத்தேன், மின்னஞ்சலை முதலில் அணைத்தேன். எல்லாம் போய் மிஞ்சியது, நான் வேண்டாமென்று தள்ளிய ப்ளக்இன் மாதிரியே இருந்தது. சர்வர் வாடகை மட்டும் கூடுதல்.

டீக்கடைக்காரரும் சேர வந்தார். அவர் பெயரை நான் ஏற்கெனவே எடுத்துக்கொண்டதால் ‘அசல் சின்ராசு’ என்றுதான் பதிய முடிந்தது.

போன வாரம் விஜயபாண்டி அண்ணன் மறுபடியும் மாடியேறி வந்தார். “ஃபோரம் நல்லாப் போகுது பாப்பா. அடுத்து ஒரு ஆப்பு வச்சிருவமா?”

எனக்கு நானே ஒன்று வைத்துக்கொண்டது போதாதா என்று நினைத்துக்கொண்டு, “யோசிச்சுச் சொல்றேண்ணே,” என்றேன்.