நடக்கத் தெரியாத யானை

கார்ட்டூன் தொழில் என்பது, ஒரு யானை ஒரு நொடி நடப்பதற்காக ஒரு மனுஷன் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது. டிவியில் வரும் கார்ட்டூன் பாட்டை நூறு தடவை கேட்டு நொந்துபோன பெற்றோர்களே, உங்களுக்காவது நூறு தடவை. படத்தை வெட்டி ஒட்டும் எனக்கு அது ஆயிரம் தடவை. அதனால் நாம் ஒரே கட்சி. மாத்தளை டவுனில், ஒரு மிளகுக் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளைகளுக்கான தொடர் ஒன்றைத் தயாரித்து இயக்கி வருகிறேன். நடந்ததில் கொஞ்சம் சொல்கிறேன்.

கால் எங்கே?

தொடரின் நாயகன் தூறல் என்ற யானைக்குட்டி. அதை வரைந்தவர் ரிஸ்வான், இந்த ஊர்க்காரர், என்னிடம் இருந்த ஒரே ஓவியர். முதல் பகுதியைக் கொழும்பிலுள்ள டிவி நிலையத்துக்கு அனுப்ப வேண்டிய காலையில் தூறலின் தும்பிக்கை ஆடியது, காது அசைந்தது. கால்கள் மட்டும் முடியவில்லை. யானையை நடக்க வைப்பது லேசில்லை. ஒரு காலைத் தூக்கினால் மற்ற மூன்றும் கோபித்துக்கொள்ளும்.

ஜன்னலுக்கு வெளியே மலையிலிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் வீதி மறைந்தது, பிறகு வீதியில் போகிறவர்களின் கால்கள். தலைகள் மட்டும் மெதுவாக மிதந்து போயின. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ தெரியாது. "ரிஸ்வான், காலை அழிச்சிடுங்க. பனியைப் போடுங்க" என்றேன். அரை மணி நேரத்தில் தூறல் பனிக்கு மேலே மிதந்தது. மிளகுக் கடை முதலாளி படியேறி வந்து, திரையைப் பார்த்தபடி கேட்டார்: "நல்லாத்தான் இரிக்கி மிஸ். ஆனா இது யானையா, யானைப் பேயா?"

குண்டூசிக் குரல்

தூறலுக்குக் குரல் கொடுக்க வந்தவர்கள் எல்லோரும் வாயைக் குவித்துக் கீச்சுக் கீச்சென்று பேசினார்கள். நொந்துபோய் ஒரு நாள் அலுவிகாரையில் தையல் வேலை செய்யும் நபீலா அக்காவிடம் சட்டை தைக்கக் கொடுக்கப் போனேன். உதட்டில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டு, அளவெடுத்தபடியே மழையைப் பற்றி ஏதோ சொன்னார். வார்த்தைகள் பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு வருவது மாதிரி, மெதுவாக, கொஞ்சம் காற்றோடு வந்தன. அளவெடுத்து முடிந்த பிறகும் நான் கையைத் தூக்கியபடியே நின்றேனாம்.

ஒலிப்பதிவு அன்று ஊசி இல்லாமல் பேசினார். அது வெறும் நபீலா அக்கா. ஊசியைக் கவ்வினார், தூறல் வந்துவிட்டது. விழுங்கிவிடுவாரோ என்று பயந்து ஈர்க்குச்சி, பட்டன், நூல் என்று ஒவ்வொன்றாக நீட்டினேன். ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் அவரே என் கையைத் தள்ளிவிட்டார்: "பயப்படாதீங்க தங்கச்சி. இருவது வருஷமா இத வாயில வச்சிட்டுத்தான் புள்ளைகளுக்கு ஏசுறேன்."

லக்கலையில் ஒரு பிற்பகல்

காட்டுச் சத்தம் பதிவு செய்ய நானும் ரிஸ்வானும் லக்கலைக்குப் போனோம். திரும்பும் பஸ்ஸுக்காக ஒரு தேநீர்க் கடையில் காத்திருந்தபோது, ரிஸ்வான் லேப்டாப்பில் தூறலைப் போட்டார். பிள்ளைகள் கூடினார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு விவசாயி வந்து நின்றார். முந்தாநாள்தான் அவருடைய காட்டோரச் சேனை நிலத்தில் யானை புகுந்து சோளம் முழுக்கப் போச்சு என்று கடைக்காரர் என் காதில் சொன்னார். எனக்கு வெட்கமாகிவிட்டது. லேப்டாப்பை மூடப் போனேன்.

அவர் கையால் வேண்டாம் என்று காட்டினார். திரையில் தூறல் ஒரு வயலுக்கு மேலே மிதந்து போனது. ஒரு கதிர்கூடச் சாயவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. முடியும்வரை பார்த்துவிட்டு அவர் சிங்களத்தில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "தின்னட்டும் மிஸ், அதுக்கும் பசிதான். இப்படி மிதிக்காமப் போனா, மிச்சத்த வச்சி நாங்க பொழைச்சிக்குவோம்."

தரையில் இறங்கியது

இரண்டாம் வருடம் டிவி நிலையத்துக்குப் புதிதாக ஒரு மேலாளர் வந்தார். "யானைன்னா நடக்கணும். மிதக்க விடுறது சோம்பேறி வேலை" என்றார். பாதி உண்மை என்பதால் ரொம்பச் சுட்டது. ரிஸ்வான் நாள்கணக்கில் ஒரு கோயில் யானைக்குப் பின்னாலேயே போய் அதன் கால்களை வரைந்தார். மூன்று மாதம் கழித்துத் தூறல் நடந்தது. அழகாகவே நடந்தது. நாங்கள் கைதட்டினோம்.

ஒளிபரப்பான மறுநாள் கலேவெலவிலிருந்து ஒரு தாய் போன் பண்ணினார். மகள் அழுதுகொண்டே இருக்கிறாளாம், நீங்களே பேசுங்கள் என்று போனை அவளிடம் கொடுத்துவிட்டார். கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு: "தூறலுக்கு என்ன வருத்தம்? ஏன் நடந்து போகுது?"

ஞாயிறு காலை ஆறு மணி

அடுத்த வாரமே மேலாளர் முன்னால் போய், தூறல் இனி நடக்காது என்றேன். ரிஸ்வானுக்கும் நபீலா அக்காவுக்கும் என்னால் வேலை போய்விடுமே என்ற பயத்தோடுதான் சொன்னேன். அவர் தொடரை நிறுத்தவில்லை. யாரும் எழும்பாத நேரத்துக்குத் தள்ளிவிட்டார்: ஞாயிறு காலை ஆறு மணி. எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். ஆனால் பிள்ளைகள் எழும்பினார்கள். போர்வையை இழுத்துக்கொண்டு, பாதிக் கண்ணோடு டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அங்கேயே சுருண்டு மறுபடி தூங்கினார்கள். உங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைக் கெடுத்தது நான்தான், மன்னித்துவிடுங்கள்.

போன மாதம் மாத்தளை பஸ்ஸில், பக்கத்து இருக்கையில் ஒரு சின்னப் பெண் தூறலைப் பற்றித் தாயிடம் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டு வந்தாள். பெருமை தாங்காமல், "அந்த யானையை நான்தான் செஞ்சேன்" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பொய் சொல்லாதீங்க ஆன்ட்டி. அது எனக்குக் கனவுல வந்த யானை."

இயக்குநர் என்று என் பெயர் திரையில் கடைசியாக ஓடும் நேரத்தில் என் ரசிகர்கள் எல்லோரும் தூங்கிப்போயிருக்கிறார்கள் என்பதுதான், இத்தனை வருடத்தில் இந்தத் தொழிலில் நான் எடுத்த நல்ல பெயர்.