பதினேழாம் கல்லும் பதினெட்டாம் கல்லும்

2019 மே 6: முதல் பாகம், 212 பக்கம், 1,000 பிரதி. எழுதியவருக்கு ரூ. 8,000.
2021 செப்டம்பர் 13: இரண்டாம் பாகம், 240 பக்கம், 1,500 பிரதி. ரூ. 14,000.
2023 ஆகஸ்ட் 21: மூன்றாம் பாகம், 268 பக்கம், 2,000 பிரதி. ரூ. 22,500.
2024 அக்டோபர் 9: ஆங்கிலப் பதிப்புக்குப் பேசிய முன்பணம், 1,200 டாலர்.
2025 ஜனவரி 31: அதற்குக் கெடு.

தாட்சாயணி எழுதிய ‘ஹார்லன் பள்ளத்தாக்கு’ என்ற தொடர் நாவலைப் பற்றி என் நோட்டில் இருக்கும் பதிவுகள் இவை. நூற்றைம்பது வருடங்களுக்கு முந்தைய அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், மாட்டுப் பண்ணைகளுக்கு நடுவே நடக்கும் காதல் கதை அது. எழுதியவர் நகரியில் பிறந்து சித்தூரில் வாழ்க்கைப்பட்டவர். இன்று வரை விமானம் ஏறியதில்லை.

சித்தூருக்கு வெளியே ஒரு கிரானைட் கம்பெனியில் முப்பத்தோரு வருடம் டெஸ்பாட்ச் கிளார்க்காக இருந்தேன். கல்லறைக் கற்களை அறுத்து, மெருகேற்றி, பெயர் பொறித்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி. ஒரு எண் தப்பினாலும் கல் வீண். அதனால் பெட்டிக்கு ஆணி அடிக்கும் முன் ஒவ்வொரு பெயரையும் தேதியையும் ஆர்டர் தாளோடு ஒத்துப் பார்ப்பது என் வேலை. அந்தப் பெயர்களைக் கம்ப்யூட்டரில் அடித்துத் தருவது தாட்சாயணியின் வேலை.

2011 ஜூன் மாதம் மொன்டானா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து நாற்பத்திரண்டு கற்களுக்கு ஆர்டர் வந்தது. அங்குள்ள பழைய இடுகாட்டில் எழுத்து அழிந்துபோன கற்களுக்குப் பதில் புதியவை. பதினேழாம் கல்: ஜேக்கப் ஹார்லன், 1848–1909. பதினெட்டாம் கல்: எலன் புரூக்ஸ், ரூத் ஹார்லனின் மகள், 1855–1911. இரண்டையும் அடுத்தடுத்து நட வேண்டும் என்று வரைபடத்தில் குறித்திருந்தது.

“பாத்தீங்களா சார், அம்மா ஊட்டுப் பேரும் இவன் பேரும் ஒண்ணு. தாய்மாமனக் கட்டிக்கினு இருந்திருக்கா. அவன் போன ரெண்டே வருசத்துல இவளும் போய்ட்டா” என்றார் தாட்சாயணி.

“ஆமாம்மா” என்றேன். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. என் அக்காவைக் கொடுத்தது எங்கள் தாய்மாமனுக்கு. தாட்சாயணி கட்டிக்கொண்டிருப்பதும் அவர் அம்மாவின் கடைசித் தம்பி முனிகிருஷ்ணனை. மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் பாய்லர் பார்ப்பவர் அவர்.

கற்கள் கப்பலேறிப் போயின. அந்த இரண்டு பேர் மட்டும் தாட்சாயணியை விடவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பழைய ஆர்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். 2018இல் வேலையை விட்டார். சென்னையில் ஒரு பாக்கெட் நாவல் பதிப்பகம் முதல் பாகத்தை எடுத்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அத்தியாயங்களை என்னிடம் கொண்டுவருவார். அதற்குள் நான் ரிட்டயர் ஆகியிருந்தேன். குதிரை ஒரு நாளில் எத்தனை மைல் போகும், எந்த வருடம் ரயில் எந்த ஊர் வரை வந்தது, ஜேக்கப்புக்குக் குண்டு பாய்ந்தது எந்தத் தோளில் என்று தனித்தனியாகப் பட்டியல் வைத்துச் சரிபார்த்தேன். மூன்று பாகத்திலும் நான் பிடித்த பிழைகள் 164. முதல் பாகத்தில் இடது தோளில் இருந்த காயம் இரண்டாம் பாகத்தில் வலது தோளுக்குப் போயிருந்தது, அதில் ஒன்று.

திருப்பதியில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கும் ஜெபகுமார் மூன்று பாகத்தையும் ஆங்கிலமாக்கி, இவ்வகைக் கதைகளை மட்டும் போடும் அமெரிக்கப் பதிப்பகம் ஒன்றுக்கு அனுப்பினார். அக்டோபரில் அவர்கள் சம்மதித்தார்கள். தாட்சாயணிக்கு டாலர் பெரிதாகத் தெரியவில்லை. அந்தக் கல் நிற்கிற மாநிலத்தில் தன் புத்தகத்தை ஒருவர் விலை கொடுத்து வாங்கிப் படிக்க வேண்டும், அதுதான் அவருக்கு.

நவம்பர் 12 அன்று பதிப்பகத்திலிருந்து மெயில் வந்தது. ஜேக்கப் மூன்று பாகத்திலும் 41 இடங்களில் பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட்டு வீட்டுக்குள் வருகிறான், அங்கே யாரும் அப்படிச் செய்வதில்லை, ஆனாலும் நன்றாக இருக்கிறது, இருக்கட்டும் என்று எழுதியிருந்தார்கள். அடுத்த பத்தியில், தாயின் உடன்பிறந்தவனை எலன் மணப்பதை எங்கள் வாசகர்கள் ஏற்க மாட்டார்கள், அங்கே அது சட்டத்துக்கும் ஆகாதது, உறவை மாற்றினால் மட்டுமே புத்தகம் வரும், ஜனவரி 31க்குள் பதில் வேண்டும் என்று இருந்தது.

164 பிழை பிடித்தவன் கண்ணுக்கு இது பிழையாகவே படவில்லை. அன்று முழுக்க என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தாட்சாயணியோடு திருப்பதிக்குப் போனேன். கல்லூரி கேன்டீனில் ஜெபகுமார் ஒரு வழி வைத்திருந்தார்.

“ஒரே ஒரு வரி மேடம். ஜேக்கப் அந்த வீட்ல பொறந்தவன் இல்ல, வழியில கெடந்த குழந்தைய எடுத்து வளத்தாங்க. முடிஞ்சிது.”

“அப்ப அவன் மாமன் இல்லயே.”

“அதானே வேணும்.”

“மாமன் இல்லாதவன் அவளுக்காக எதுக்கு சார் நெலத்த வுட்டுக் குடுக்கறான்? அக்கா பொண்ணுக்கு உரிமைன்னுதானே குடுக்கறான். மூணு பாகமும் அந்த ஒரு ஆணியிலதான் தொங்கிக்கினு இருக்குது.”

“லவ்வுக்காகக் குடுக்கறான்னு வெச்சிக்கலாம்.”

“லவ்வுக்கு நூறு ஏக்கரா? நீங்க குடுப்பீங்களா?”

“எனக்கு எங்க மேடம் நூறு ஏக்கர், வீட்டு லோனே இன்னும் பதினாலு வருஷம் இருக்கு” என்றார் ஜெபகுமார். தாட்சாயணி சிரிக்கவில்லை. டீ ஆறிப்போயிருந்தது.

திரும்பும் பஸ்ஸில் அவர் என்னிடம் கேட்டார். “குதிர தப்புன்னு சொன்னீங்க, திருத்தினேன். தோளு தப்புன்னு சொன்னீங்க, திருத்தினேன். இது தப்பா சார்?”

“தெரியலம்மா. கல்லுல இருந்ததத்தான் நாம படிச்சோம்.”

“அந்த ஊர்லயே கேட்டுட்டா?”

ஆர்டரின் பேக்கிங் லிஸ்ட் நகல் என்னிடம் இருந்தது. இடுகாட்டுக் கமிட்டியின் முகவரிக்கு, கற்களின் எண்ணைக் குறித்து, இருவரும் கணவன் மனைவியா என்று கேட்டு நவம்பர் 18 அன்று சித்தூர் தலைமைத் தபால் நிலையத்தில் பதிவுத் தபால் போட்டேன்.

அதன் பிறகு காத்திருப்பு. தாட்சாயணி அந்த ஒரு வரியைப் பதினேழு விதமாக எழுதிப் பார்த்தார். டிசம்பரிலும் ஜனவரியிலும் பதினொரு முறை திருப்பதிக்குப் புறப்பட்டார். சம்மதம் என்று ஜெபகுமாரிடம் நேரில் சொல்லத்தான் ஒவ்வொரு முறையும். ஒன்பது முறை சித்தூர் பஸ் ஸ்டாண்டோடு திரும்பினார். இரண்டு முறை திருப்பதிக்கு முன்னாலிருக்கும் சந்திரகிரியிலேயே இறங்கி எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார். அடுப்பில் பால் வைத்துவிட்டு வாசலுக்கு வருவார், வாசலில் நின்று, என் வீட்டுக்குத் தபால்காரர் வந்தாரா என்று எனக்குப் போன் செய்வார், போன் பேசும்போதே பால் பொங்கும்.

பொங்கல் கழிந்த ஞாயிறு நான் கிரீம்ஸ்பேட்டையில் அவர்கள் வீட்டுக்குப் போனபோது முனிகிருஷ்ணன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

“வாங்க பெரியவரே. இவ என்னையே ரோட்ல எடுத்த புள்ளையா ஆக்கப் போறாளாம்.”

“உன்ன யாரு சொன்னது மாமா? நான் ஜேக்கப்ப சொல்றேன்.”

“அவன் கைல துப்பாக்கி, என் கைல ஊசி. அது ஒண்ணுதானே வித்தியாசம். நீ எழுது தாட்சு. எங்க அக்கா கேட்டா நானே சொல்லிக்கறேன், பொறந்த எடம் தெரியாதவன்னு. இனிமே தீபாவளிக்கு உங்கம்மாவுக்குப் பொடவ எடுக்கற செலவும் எனக்கு இல்ல.”

“வெளையாடாத மாமா. பன்னெண்டு நாள்தான் இருக்குது.”

“வெளையாடல. உனக்கு அது வேணும்னா செய். எனக்கு ஒண்ணும் கொறஞ்சி பூடாது.” இதைச் சொல்லும்போது அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

ஜனவரி 30, வியாழக்கிழமை. மொன்டானாவிலிருந்து பதில் இல்லை. தாட்சாயணி காலையிலேயே என் வீட்டுக்கு வந்தார், உட்காரவில்லை.

“கடுதாசி வராது சார். நானே முடிவு பண்ணிட்டேன். மாத்த மாட்டேன். நகரியில, புத்தூர்ல, திருத்தணில எத்தினி பொம்பளைங்க எனக்குப் போன் போட்டாங்க. சண்ட போட்டாங்க, அழுதாங்க. ஏன் மாமன கட்டுனான்னு ஒருத்தி கேக்கல. அவங்க படிச்சது ஒண்ணு, வெள்ளக்காரங்க படிக்கறது ஒண்ணுன்னு நான் குடுக்க முடியாது.”

“யோசிச்சிதானே சொல்றம்மா?”

“யோசிச்சி யோசிச்சிதான் சார் கால் வலிக்குது.”

என் எதிரிலேயே ஜெபகுமாருக்குப் போன் செய்து சொன்னார். பிப்ரவரி 1 அன்று பதிப்பகம் இரண்டு வரியில் பதில் அனுப்பியது. வருத்தம், ஒப்பந்தம் காலாவதி.

அதோடு முடிந்தது என்று நோட்டில் கோடு போட்டேன். பத்து நாள் கழித்துத் தபால்காரர் மொன்டானா முத்திரையோடு ஒரு உறை கொடுத்தார். அதை அப்போதே எடுத்துக்கொண்டு ஆட்டோவில் கிரீம்ஸ்பேட்டைக்குப் போனேன். வழியில் உறையைப் பிரிக்கவில்லை.

எண்பத்தோரு வயதான கமிட்டிச் செயலாளர் தன் கையாலேயே எழுதியிருந்தார். நான் தமிழில் சொல்லிக்கொண்டே படித்தேன். எங்கள் பதிவேட்டின்படி ஜேக்கப் ஹார்லன் எலனின் தாய்மாமன். இருவரும் மணம் செய்துகொண்டவர்கள் அல்ல. மணந்திருந்தால் அவள் கல்லில் புரூக்ஸ் என்று இருக்காது, ஹார்லன் என்று இருக்கும். பெற்றோர் காய்ச்சலில் இறந்தபோது எலனுக்கு வயது பத்தொன்பது. மாமன் வீட்டுக்கு வந்தாள். ஊரின் தபால் நிலையத்தை இருவரும் சேர்ந்து கடைசி வரை நடத்தினார்கள். இருவருக்குமே கல்யாணம் ஆகவில்லை. பக்கத்தில் புதைக்கச் சொன்னது எலன்.

“இன்னொரு தபா படிங்க சார்.”

படித்தேன். முனிகிருஷ்ணன் ஷிப்டு முடிந்து வந்து கதவருகே நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப கல்யாணமே நடக்கலியா? நடக்காத கல்யாணத்துக்கா தாட்சு ஒரு லட்சத்த வேணாம்ன?”

“சும்மா இரு மாமா.” சமையலறைக்குப் போனார், கூடத்துக்கு வந்தார், மறுபடி போனார். “ஏன் சார் கட்டிக்கல?”

“அங்க சட்டம் விடாதும்மா.”

“சட்டம் வுட்டிருந்தா?”

“அது பதிவேட்டுல இல்லம்மா.”

கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, தனக்குச் சரளமாகப் படிக்க வராத அந்தக் கையெழுத்தை ஒவ்வொரு வரியாக விரலால் தொட்டுப் பார்த்தார். நாலாம் பாகத்தின் முதல் பக்கத்தில் இதை அப்படியே தமிழில் போடப்போவதாகச் சொன்னார்.

“மூணாம் பாகத்துல கல்யாணத்தப் படிச்சவங்க ரெண்டாயிரம் பேரும்மா. கோவிச்சிக்குவாங்க” என்றேன்.

“கோவிச்சிக்கட்டும். கல்லுல இருந்ததத் தப்பாப் படிச்சேன்னு நானே சொல்லிடறேன். அதுக்கு அப்பறமும் வேணும்னு இருக்கறவங்க படிக்கட்டும். நீங்க தேதிய மட்டும் மேல எழுதிக் குடுங்க.”

பேனாவை எடுத்து, கடிதத்தின் வலது மேல் மூலையில் எழுதிக் கொடுத்தேன். கடிதம் வந்து சேர்ந்தது: 2025 பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை.