ஞாயிற்றுக்கிழமை ஓட்டம்

பன்னிரண்டாம் வகுப்போடு என் ஓட்டப்பந்தயத்துக்கு வீட்டில் முற்றுப்புள்ளி வைத்துவிட்டார்கள். ஓடக் கிடைக்காத நான், மற்றவர்கள் எவ்வளவு நடக்கிறார்கள் என்று அளக்கும் ஆராய்ச்சியில் வேலைக்குச் சேர்ந்தேன். இதைச் சொன்னால் தோழிகளுக்குச் சிரிப்பு வரும். எனக்கு வராது.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டப் பெண்களின் உடலுழைப்பை அளப்பது எங்கள் வேலை. கேள்வித்தாளில் ஒரு கேள்வி, ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி செய்வீர்களா என்பது. காப்பிப் பழ மூட்டையைத் தலையில் வைத்துச் சரிவேறி வந்தவளிடம் இதைக் கேட்க வேண்டும். எழுதியவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே கேட்பேன்.

பிறகு இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு சின்னக் கருவி தருவோம். அது உடலின் அசைவை நிமிடம் நிமிடமாகப் பதியும். ஏழு நாள் கட்ட வேண்டும். நான்கு நாளாவது கட்டாவிட்டால் அந்தப் பதிவு கழிக்கப்படும். அடுத்த முறை அளக்கும்போது நடையை மாற்றிக்கொள்வார்கள் என்பதால் முடிவை அவர்களிடம் சொல்லவும் கூடாது.

செம்மநத்தம் என்ற ஊரில் என் வயதுக்காரி ஒருத்தி. எட்டாம் நாள் அவள் வீட்டுக்குப் போய்க் கருவியை லேப்டாப்பில் மாட்டினேன். திங்கள் முதல் சனி வரை அசைவே இல்லை. ஞாயிறு காலையில் மட்டும் திரையில் கோடு கிடுகிடுவென்று ஏறியிருந்தது.

விசாரித்தேன். பழம் பறிக்கும்போது இடுப்பில் சாக்குப்பை கட்டுவார்கள். அது உரசி இரவல் பொருள் கெட்டுவிடக் கூடாது என்று பீரோவில் துணிகளுக்கு நடுவே வைத்துவிட்டாளாம். வேலை இல்லாத ஞாயிறன்றுதான் எடுத்துக் கட்டியிருக்கிறாள். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இதை நாங்கள்தான் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

ஞாயிறன்று என்ன செய்தாள் என்று கேட்டதும் தயங்கினாள்.

"பள்ளிக்கூட கிரவுண்டுல ஓடிப் பார்த்தனுங்க. ஆரும் இல்லீன்னு பார்த்துட்டுத்தான் ஓடுனேன். படிக்கறப்ப ஓட்டத்துல நாந்தானுங்க மொதல்ல வருவேன். கண்ணாலத்துக்கப்பறம் ஓடவே இல்லீங்க."

எனக்குப் பொறாமையாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த நிமிடமே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட வேண்டும் என்று என் கால் பரபரத்தது.

அவள் திரையை எட்டிப் பார்த்தாள். கோடுகள் அவளுக்குப் புரியவில்லை.

"ஏனுங்க, நல்லா ஓடியிருக்கறனுங்களா?"

நன்றாகவே ஓடியிருந்தாள். அந்த மலையில் நான் எடுத்த எந்தப் பதிவிலும் அப்படியொரு ஏற்றம் இல்லை. முடிவைச் சொல்லக் கூடாது என்றேன். சரிங்க என்று சொல்லிக் கருவியின் பட்டையை மடித்து என் கையில் கொடுத்தாள். ஏற்காடு ஒண்டிக்கடை நிறுத்தத்துக்குப் போகும் ஜீப் ஹாரன் அடித்தது. ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.

விதிப்படி அவள் பதிவு கழிக்கப்பட்டது. ஆராய்ச்சிக் கட்டுரை வந்துவிட்டது, அதில் அவள் இல்லை. இன்றைக்கும் ஞாயிறு காலையானால் அவளைப் போய்ப் பார்த்து, நல்லா ஓடுனீங்க என்று சொல்ல வேண்டும் போல ஏக்கமாக இருக்கிறது. சொல்லக் கூடாது என்ற விதி கணக்கில் சேர்ந்தவர்களுக்குத்தான். அவள் சேரப்போவதில்லை என்று ஜீப் முதல் வளைவு திரும்பும்போதே எனக்குத் தெரியும். நிறுத்தச் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.