முழு நிரலையும் போடவும்

என் பிடிவாதத்தைப் பற்றி உம்மாவிடம் கேட்டால் இன்றைக்கும் ஒரு மணித்தியாலம் கதைப்பார். அவர் சொல்வதில் முக்கால்வாசி உண்மை. மிச்சமும் உண்மைதான், ஆனால் அதை நான் ஒத்துக்கொள்வதில்லை.

நாட்டில் சண்டை முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் எட்டாம் வகுப்பு. கத்தாரில் வேலை செய்த வாப்பா, ஊருக்கு வந்த ஒருவரிடம் பழைய லெப்டொப் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். யாருக்கு என்று அவர் சொல்லவில்லை. எனக்குத்தான் என்று நான் தீர்மானித்தேன். பைத்தன் என்றொரு மொழி இருக்கிறது, அதில் எழுதினால் கணினி சொன்னதைக் கேட்கும் என்று பள்ளிக்கூடத்தில் கிடந்த ஒரு சஞ்சிகையில் வாசித்திருந்தேன். வீட்டில் நான் சொன்னதைக் கேட்க ஒருவரும் இல்லாத காலம் அது.

என்னோடு சேர்ந்து பழகியவள் ரிஸ்னா. ஒரே வகுப்பு. அவளுடைய வாப்பா எங்கள் சாச்சாவின் படகில் கடலுக்குப் போகிறவர். தொண்ணூறாம் ஆண்டு புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு எங்கள் பக்கம் வந்து சேர்ந்தவர்களில் அவரும் ஒருவர். அப்போது இளந்தாரியாம். நான் அவரை மன்னார் மாமா என்பேன், சாச்சா அண்ணன் முறை வைத்து 'நானா' என்பார். படகும் எஞ்சினும் வாப்பாவின் தம்பியான சாச்சாவுடையவை. பதினைந்து வருஷமாக இரண்டு பேரும்தான் எங்கள் கண்டக்குழிக் கரையிலிருந்து ஒன்றாகப் போய் ஒன்றாக வருகிறவர்கள். கரையில் நின்றாலும் பெரிதாகக் கதைக்க மாட்டார்கள். அவர் கயிற்றை அவிழ்த்தால் இவர் எஞ்சினை இழுப்பார்.

எங்களுக்குப் பாடம் சொல்லித்தர ஊரில் ஆள் இல்லை. தமிழில் நிரல் எழுதப் பழகுகிறவர்களுக்கென்று முகநூலில் ஒரு குழு இருந்தது. அதில் உம்மாவின் பெயரில் சேர்ந்தோம். உம்மாவுக்கு இது தெரியாது. மட்டக்களப்பு, கோயம்புத்தூர், துபாய் என்று எங்கெங்கோ இருந்தவர்கள் எங்களை 'அக்கா' என்று மரியாதையாக அழைத்துப் பதில் போட்டார்கள். குசினி ஜன்னல் கம்பியில் டொங்கிளைக் கட்டித் தொங்கவிட்டால்தான் எங்களுக்கு இணையம் வரும். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு உம்மா மீன் வெட்டுவார், நாங்கள் பக்கத்தில் பலகையில் குந்திக்கொண்டு உலகத்தோடு கதைப்போம்.

அந்தக் குழுவுக்குச் சட்டங்கள் இருந்தன. 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதினால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். முழு நிரலையும் போடவும், அது பயன்படுத்தும் தரவுகளையும் போடவும், என்ன பிழை வருகிறது என்று எழுதவும். இதை நான் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். பள்ளிக்கூடச் சட்டங்களை அவ்வளவு அக்கறையாக நான் எழுதியது கிடையாது.

கொஞ்சம் பழகிய பிறகு, உங்கள் வீட்டுக்கு உதவக்கூடிய ஒரு நிரலை எழுதிப் பாருங்கள் என்று குழுவில் சொன்னார்கள். எங்கள் வீட்டில் கடலை விட்டால் வேறென்ன இருக்கிறது? கடலடியில் கல் வளர்ந்து கிடக்கும் இடங்களைப் பார் என்போம். மீன் அங்கேதான் கூடும். சாச்சாவிடம் பதினொரு பார்கள் இருந்தன. அவற்றின் இடக்குறிகளை ஜிபிஎஸ்ஸிலும் ஒரு சின்னக் கொப்பியிலும் வைத்திருந்தார். அந்தக் கொப்பி அலுமாரியில் காணி உறுதிப் பத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும். வேறு படகு கண்ணில் பட்டால் சாச்சா பாரை விட்டு விலகி, ஒன்றும் இல்லாத இடத்தில் தூண்டிலை இறக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். தன் சொந்த மச்சானுக்கே அவர் ஒரு பாரையும் காட்டியதில்லை. தெரிந்தவர்கள் அவரும் மன்னார் மாமாவும் மட்டும்தான்.

நிற்கும் இடத்தைச் சொன்னால் எந்தப் பார் கிட்ட, எத்தனை கிலோமீட்டர் என்று சொல்லும் நிரல் ஒன்று எழுதப் போகிறோம், கொப்பியைத் தாருங்கள் என்று சாச்சாவிடம் கேட்டேன். மூன்று நாள் கேட்டேன். நாலாம் நாள் தந்தார்.

"ஒருத்தருக்கும் காட்டப்படாது, விளங்கிச்சா?"

"ஓம் சாச்சா."

ஒருத்தர் என்றால் ஊரில் உள்ள ஒருத்தர் என்றுதான் எனக்கு விளங்கியது.

நிரலை எழுதினோம். தூரம் பார்க்கும் சூத்திரத்தை யாரோ குழுவில் முன்பு போட்டிருந்தார்கள், அதை விளங்காமலே எடுத்து ஒட்டினோம். ஓடவிட்டால், எங்கள் வீட்டிலிருந்து முதலாம் பாருக்கு எட்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர் என்று வந்தது. சாச்சா விடிய சுபஹுக்குப் பிறகு போய் பகல் லுஹருக்கு முன்னம் வந்துவிடுகிறவர். அந்த எஞ்சினுக்கு இவ்வளவு பலமா என்று ரிஸ்னா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று நாள் ஒவ்வொரு வரியாக அழித்து அழித்து எழுதினேன். சோற்றுக்கோப்பையை மடியில் வைத்துக்கொண்டே எழுதினேன். எட்டாயிரத்து எழுநூறு அசையவில்லை. கடைசியில் குழுவில் கேட்பதென்று முடிவெடுத்தேன்.

"அந்த நம்பரெல்லாம் போடத்தான் வேணுமா?" என்று ரிஸ்னா கேட்டாள்.

"தரவையும் போடச் செல்லித்தானே சட்டம் இரிக்கி."

"வேற நம்பர் போடுவமா?"

"வேற நம்பர் போட்டு வேற பிழை வந்தா?"

வேண்டாம் என்று அவள் கொப்பியை மூடப் பார்த்தாள். நான் பதினொரு பார்களையும் வரிசையாகப் போட்டேன். ஒவ்வொன்றின் பக்கத்திலும் கொப்பியில் இருந்தபடியே விளைமீன், கலவாய், பாரை என்று மீனின் பெயரும் போட்டேன். முழுத் தரவும் என்றால் முழுத் தரவும்தான்.

பொழுதுபட, மஃரிபுக்கு முன்னமே பதில் வந்தது. மட்டக்களப்பிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: 'அக்கா, வீட்டுக்கு அகலக்கோட்டை முதலில் கொடுத்திருக்கிறீர்கள், மீனுக்கு நெடுங்கோட்டை முதலில் கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் மீன்களெல்லாம் வடதுருவத்துக்குப் பக்கத்தில் ஐஸ் கடலில் நிற்கின்றன.' பார்த்தால் உண்மை. வீட்டின் இடத்தை நாங்கள் பள்ளிக்கூட அட்லஸிலிருந்து எடுத்திருந்தோம். சாச்சாவோ எழுபத்தொன்பதைத்தான் முதலில் எழுதுவார். மேற்கே எவ்வளவு தூரம் போவதென்பதுதானே அவருக்கு முதல் கவலை. இரண்டையும் மாற்றிப் போட்டதும் பார்கள் பதினொன்றும் எங்கள் கடலுக்கு வந்து சேர்ந்தன. நானும் ரிஸ்னாவும் குசினியில் குதித்ததில் உம்மாவின் மீன்சட்டி கவிழப் பார்த்தது.

பாராட்டுகளுக்குக் கீழே இன்னொருவர் கேட்டிருந்தார்: 'நீங்க கல்பிட்டிப் பக்கமா? நான் எத்தாளை. இது மீன்பிடிக்கிற இடங்களா?' பெருமை தாங்க முடியாமல் நான் பதில் எழுதினேன்: 'ஓம், கண்டக்குழி. எல்லாம் எங்கட சாச்சாட பார்கள்.'

பத்து நாளைக்குப் பிறகு சாச்சா கடலிலிருந்து வந்த விதமே சரியில்லை. மூன்றாம் பாரில் எத்தாளைப் படகு ஒன்று நங்கூரம் போட்டு நின்றதாம். அடுத்த நாள் ஏழாம் பாரில் அதே படகு. ஒரு தடவை என்றால் தற்செயல் என்று விடலாம். சாச்சா எங்கள் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்து, உம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்.

"எனக்கும் மன்னார் நானாக்கும்தான் மதினி அந்த எடம் தெரியும். அவர்ட தம்பி எத்தாளையிலதானே கலியாணம் முடிச்சிரிக்காரு."

உம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சாச்சா இரண்டு வாய் தண்ணீர் குடித்தார். பிறகு கரைக்குத் திரும்பிப் போய், வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்த மன்னார் மாமாவிடம், நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். ஏன் என்று அவர் கேட்கவில்லையாம். கேட்காததே சாச்சாவுக்குச் சாட்சியாகிவிட்டது.

நான் குசினிக்குள் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டேன். லெப்டொப்பைத் திறந்து அந்தப் பதிவை அழித்தேன். அழித்ததும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மனம் லேசாகிவிட்டது. பிழையான வரியை எடுத்தாகிவிட்டது, இனி எல்லாம் தானாகச் சரியாகும் என்று இருந்தேன். சொன்னால் லெப்டொப்பைப் பறித்து அலுமாரியில் பூட்டிவிடுவார்கள் என்ற பயமும் இருந்தது. அந்தப் பயத்தோடு நாலு நாள் பேசாமல் சாப்பிட்டு நித்திரை கொண்டேன்.

நாலாம் நாள் இடைவேளையில் ரிஸ்னா என்னைத் தண்ணீர்க் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"எங்கட வாப்பா ஊட்டதான் இரிக்காரு. ஒண்டும் கதைக்கிறாருமில்ல."

"நான் அத அழிச்சிட்டன் ரிஸ்னா."

"அழிச்சா? ஒங்கட சாச்சாட நெஞ்சில இரிக்கிறதும் அழிஞ்சிட்டா?"

"நீ ஒங்கட வாப்பாட்ட செல்லு. அவர் வந்து செல்லட்டும்."

"நான் சென்னா எங்கட வாப்பாவக் காப்பாத்தச் சென்ன பொய்யாத்தான் படும். நீதான் செல்லோணும்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அந்த இடத்திலேயே, இன்றைக்கே சொல்வது, அடித்தாலும் சொல்வது என்று தீர்மானித்தேன். லெப்டொப் போனால் போகட்டும். பிடிவாதக்காரிக்கு ஒன்றைத் தீர்மானிக்கும் வரைதான் கஷ்டம்.

பின்னேரம் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு சாச்சா வீட்டுக்குப் போனேன். நிரலைத் திறந்து காட்டினேன். சாச்சாவுக்கு அதில் ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் எண்களைக் கண்டதும் முகம் மாறியது. முதலாம் பாரிலிருந்து பதினோராம் பார் வரை வாய்க்குள் வாசித்தார். நடந்ததைச் சொன்னேன். எத்தாளைக்காரருக்கு நான் எழுதிய பதிலையும் சொன்னேன். ரிஸ்னா வேண்டாம் என்று சொன்னதையும், நான் கேட்காததையும் சொன்னேன்.

"இத எத்தின பேர் பாத்திரிப்பாங்க?"

"தெரியா சாச்சா. துபாயிலயும் இரிக்காங்க."

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். ஏச்சு வாங்கத் தயாராகப் போனவளுக்கு ஏச்சுக் கிடைக்காவிட்டால் கையைக் காலை எங்கே வைப்பதென்று தெரியாது. சாச்சா சேர்ட்டை எடுத்துப் போட்டார். "வா" என்றார்.

மன்னார் மாமாவின் வீடு அகதிகளாக வந்தவர்கள் குடியிருந்த பக்கம், கிடுகு வேலிகளுக்குள் இருந்தது. எங்களைக் கண்டதும் அவர் எழுந்து கதிரையை இழுத்துப் போட்டார். சாச்சா உட்காரவில்லை.

"நானா, புள்ளைகள் செஞ்ச வேல. நான் ஒங்களப் பிழையா நெனச்சிட்டன். அல்லாஹ்வுக்காக மாப்புத் தாங்க."

நான் இடையில் புகுந்து எல்லாவற்றையும் மறுபடி ஒப்பித்தேன். வடதுருவத்தைச் சொன்னபோது மன்னார் மாமா வாய்விட்டுச் சிரித்தார்.

"இதுக்குப் போயா தம்பி இவ்வளவு தூரம் வந்தீங்க? புள்ளைகள் தெரியாமச் செஞ்சது. அதுகள ஏசாதீங்க. இரிங்க, டீ குடிச்சிட்டுப் போகலாம்."

டீ வந்தது. சாச்சா குடித்தார். காற்றைப் பற்றியும் எண்ணெய் விலையைப் பற்றியும் கதைத்தார்கள். அவர்கள் அவ்வளவு நேரம் கதைத்து நான் கண்டதே இல்லை. ரிஸ்னா கதவடியில் நின்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். திரும்பி வரும்போது எனக்கு ஓடிப்போய்க் கடலில் விழ வேண்டும் போல அவ்வளவு சந்தோஷம். பிழை எது என்று கண்டுபிடித்தோம், திருத்தினோம், சரியாக ஓடுகிறது.

அடுத்த நாள் விடிய வெள்ளாப்பில் நானும் கரைக்குப் போனேன். மற்றப் படகுகள் எல்லாம் போய்விட்டன. சாச்சா மட்டும் படகின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறத் தொடங்கியது.

"மாமா நித்திரையாக்கும். நான் போய் எழுப்பிட்டு வாரன்" என்றேன்.

"வேணாம் புள்ள."

வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா நான்? ஓடினேன். மன்னார் மாமா நித்திரையில் இல்லை. சேர்ட் போட்டு, தலை வாரி, வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"முதுகு நோவுது மகள். சாச்சாட்ட செல்லுங்க" என்றார்.

நான் மறுபடி வீட்டுக்கு ஓடி, வாப்பா கத்தாரிலிருந்து அனுப்பிய தைலப் போத்தலை உம்மாவுக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, என் தலையைத் தடவிவிட்டார். கரைக்கு வந்து, முதுகு நோவு, இரண்டு நாளில் வந்துவிடுவார் என்று சாச்சாவிடம் சொன்னேன். இரண்டு நாள் என்பது நானாகச் சேர்த்துக்கொண்டது. சாச்சா எழுந்து கயிற்றைத் தானே அவிழ்த்தார், எஞ்சினையும் தானே இழுத்தார்.

வருஷக் கடைசி வரை மாமா படகுக்கு வரவில்லை, முதுகு நோவு மாறவில்லையாம். அந்த விடுமுறையில் ரிஸ்னா வீட்டார் மன்னாருக்கே திரும்பிப் போனார்கள். பழைய வீட்டு வளவில் காடு மண்டிக் கிடக்கிறதாம், வெட்டித் துப்புரவாக்கித் தகரக் கொட்டில் போடப் போகிறார்களாம். அங்கே இணையம் கிடைக்குமா என்று ரிஸ்னாவுக்குத் தெரியவில்லை. லொறியில் சாமான் ஏற்றும்போது நான் பார்த்துக்கொண்டு நின்றேன். சாச்சா கொஞ்சம் தள்ளி, வேலி முடிகிற இடத்தில் நின்றார். மன்னார் மாமா பெரிய மரப்பெட்டி ஒன்றைத் தனியாக முதுகில் சுமந்து வந்து லொறியில் ஏற்றினார். இறங்கிப் போய் இன்னொன்றையும் அப்படியே ஏற்றினார். என் தைலம் வேலை செய்துவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை.

"பாத்தீங்களா சாச்சா, மாமாட முதுகு நல்லாச் சுகமாயிட்டு" என்றேன்.

"ஓம் புள்ள" என்றார் சாச்சா.