இரண்டு மேசைக்கும் ஒரே விரிப்பு

என் நாத்தனார் அக்னேதாவுக்குப் பிடிவாதம் பிறவிக் குணம். மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த வயதில், "நான் டீக்கனஸ் ஆகப்போறேன்" என்று நோயாளிகளைப் பார்க்கும் சபை ஊழியக்காரியாக டவுன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிப் போனவள். கல்யாணம் கிடையாது, சம்பளம் கிடையாது. கறுப்பு உடுப்பு, தாடைக்கடியில் முடிச்சுப் போட்ட வெள்ளைத் தொப்பி, ஆயுசுக்கும் நோயாளிகள். அமெரிக்காவில், கான்சாஸில் எங்கள் மென்னோனைட் சபைப் பண்ணைகளில் பிரசவமோ காய்ச்சலோ, அவள் குதிரை வண்டிதான் முதலில் வந்து நிற்கும். வந்ததும் வராததுமாக ஜன்னலைத் திறப்பாள், எங்களைத் திட்டுவாள். அவள் திட்ட ஆரம்பித்தாலே வீட்டுக்காரர்களுக்குப் பாதி பயம் போய்விடும்.

முதல் உலக யுத்தம் முடிந்த வருஷம் பக்கத்துப் பண்ணை கொர்னேலியுஸ் வேடலுக்கு டைபாய்டு வந்தது. அதற்கு முன்பே சபை விலக்கும் வந்திருந்தது. டவுன்காரர்களின் மிரட்டலுக்குப் பயந்து மனுஷன் யுத்தச் செலவுக்கு அரசாங்கம் விற்ற கடன் பத்திரத்தை வாங்கிவிட்டார். ஆயுதம் தொடாத எங்கள் சபையில் அது பெரிய குற்றம். விலக்கியவர் சபைத் தலைவரான மூப்பர், அதாவது என் மாமனார், அக்னேதாவைப் பெற்றவர். விலக்கப்பட்டவரோடு கட்டின மனைவிகூட ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது.

காய்ச்சல் இறங்கியும் அவர் தேறவில்லை. நான் சூப் கொண்டுபோன அன்று, மனைவியும் பிள்ளைகளும் பெரிய மேசையில் இருக்க, அவர் மட்டும் மூலையில் தனி மேசையில் எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருந்தார். முன்னால் நான் காலையில் காய்ச்சி அனுப்பிய கஞ்சி ஆறி ஆடை கட்டிக் கிடந்தது.

"சாப்பிடுங்க," என்றாள் அக்னேதா.

"நாய்க்கு வைக்கிற மாதிரி மூலையில வச்சா எப்படி சிஸ்டர் எறங்கும்? விட்டுடுங்க."

"இப்படியே போனா இந்த வாரம் தாங்கமாட்டீங்க."

"தெரியும்."

அவள் ஒரு நாற்காலியை இழுத்து அவர் எதிரே போட்டாள். தனக்கும் ஒரு கிண்ணத்தில் கஞ்சி ஊற்றிக்கொண்டாள்.

"அடியே, உங்கப்பா போட்ட விலக்கு. நாளைக்கு உனக்கும் இதே கதிதான்," என்றேன்.

"தெரியும் அண்ணி. அந்த உப்பை எடுங்க. இந்தக் கஞ்சியைக் குடிக்காம இருந்ததுல அவர் மேல தப்பே இல்ல."

கொர்னேலியுஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கரண்டியை எடுத்தார். அதன்பின் ஒவ்வொரு வேளையும் அவள் எதிரே உட்கார்ந்தாள். கோதுமை அறுவடைக்குள் அவர் எழுந்து நடமாடினார்.

சேதி மாமனார் காதுக்குப் போகாமல் இருக்குமா? மகளைக் கூப்பிட்டார்.

"சபை முன்னாடி தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிடும்மா. அது போதும்."

"தப்புன்னா சொல்லியிருப்பேன்பா. அந்த மனுசன் பொழச்சிட்டாரே."

அவளுக்கும் விலக்கு விழுந்தது. அதை அறிவிக்கையில் மாமனார் பாதியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ஆனாலும் முழுசாகச் சொல்லி முடித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று அவருக்குக் காப்பியே கொடுக்கவில்லை. கொர்னேலியுஸ் பிள்ளைகளுக்காக மன்னிப்புக் கேட்டுச் சபைக்குத் திரும்பினார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கிறிஸ்மஸ் விருந்துக்கு வேடல் குடும்பத்தை மாமனார் அழைத்திருந்தார். அக்னேதாவும் வந்தாள். பெரிய மேசையில் நாங்கள் அத்தனை பேரும். ஜன்னலோரம் சின்ன மேசையில் அவள் மட்டும்.

கொர்னேலியுஸ் தட்டோடு எழுந்தார்.

"உட்காருங்க," என்று அதட்டினாள் அக்னேதா. "இப்பதான் பிள்ளைங்க உங்க பக்கத்துல உட்கார்ந்திருக்கு. எனக்கு நர்ஸ் வேண்டாம்."

அவர் முகம் சிவக்க உட்கார்ந்தார். ஜெபம் இன்னும் ஆரம்பிக்கவில்லை. அப்போது என் மாமியார் சூசன்னா எழுந்தாள். புருஷனை ஒருநாளும் எதிர்த்துப் பேசாதவள்.

"அந்தப் பக்கம் பிடி," என்றாள் என்னிடம்.

சின்ன மேசையை அக்னேதாவின் தட்டோடு தூக்கிவந்து, பெரிய மேசைக்குக் கையளவு தள்ளிப் போட்டோம்.

"பாத்துக்கோங்க," என்றாள் புருஷனிடம். "இடையில என் கை நுழையுது. தனி மேசைதானே உங்க சட்டம்?"

மாமியார் தட்டுகளையெல்லாம் எடுக்கச் சொல்லி, தன் கல்யாணத்துக்கு வந்த நீள வெள்ளை விரிப்பை இரண்டு மேசைக்கும் சேர்த்து விரித்தாள். இடைவெளி மறைந்துவிட்டது. இரண்டு மேசைக்கும் நடுவில் தன் நாற்காலியைப் போட்டு, மகளை ஒட்டி உட்கார்ந்தாள்.

மாமனார் அந்த விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலை குனிந்து ஜெபத்தை ஆரம்பித்தார்.

ஆமென் சொல்லி நிமிர்ந்தபோது அக்னேதாவின் தொப்பி முடிச்சு நனைந்திருந்தது. நான் வைத்த சூப்பில் ஒரு வாய் குடித்தாள்.

"என்ன அண்ணி," என்றாள், "இன்னைக்கும் உப்பு போடலையா?"