நிறுத்தும் விசை

எண்பதுகளின் பிற்பகுதியில் இலங்கை மலையகத்தில், ஹட்டனில் தேயிலைத் தோட்டங்களுக்கான ஒரு வட்டார அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். ஒரு மழைக்காலத்தில் அங்கே கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. கட்டளையைத் தட்டினால் பதில் எழுதும், அவ்வளவுதான். தொழிலாளர் குடும்பங்களின் பிறப்பு, இறப்பு விவரங்களை அதில் ஏற்ற என்னையும் இன்னொருவரையும் போட்டார்கள்.

அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வட்டவளைப் பக்கம் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவர். ஸ்டோர் என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் ரோலரில் சிக்கி இடது கை மணிக்கட்டோடு போயிருந்தது. அதை இழுத்து மீட்கப்போன வலது கையிலும் சுட்டுவிரல் ஒன்றுதான் மிச்சம். அந்த ஒற்றை விரலால் தட்டுவார். மெதுவாகத்தான், ஆனால் பிழை வராது.

ஓடுகிற வேலையை நிறுத்த வேண்டுமானால் இரண்டு விசைகளை ஒன்றாக அழுத்த வேண்டும். அது அவரால் முடியாது. ஒருநாள் தவறான பட்டியலை அச்சுக்கு அனுப்பிவிட்டார். நான் தபால் கட்டோடு வெளியே போயிருந்தேன். திரும்பி வந்தபோது காகிதம் தரையெல்லாம் கிடந்தது. அவர் திரையைப் பார்த்தபடி நின்றிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரரான தலைமை எழுத்தர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"பிள்ளை, பாவம்தான். ஆனா உவருக்கு இது ஏலாது. அடுத்த மாதம் வேற மேசைக்கு மாத்துவம்."

அன்றிலிருந்து மதிய இடைவேளைகளில் இயந்திரத்தோடு வந்த ஆங்கிலக் கையேட்டைப் புரட்டினேன். பாதி புரியவில்லை. நான்காம் நாள் ஒரு பக்கத்தில் கண்டேன்: எந்த விசை அழிக்க வேண்டும், எது நிறுத்த வேண்டும் என்பதை நாமே ஒரு கட்டளையால் சொல்லிவிடலாம். ஆங்கில எழுத்து வரிசையின் கடைசி எழுத்தை நிறுத்தும் விசையாக்கினேன். பெயர்களில் அது எங்கே வரப்போகிறது என்று நினைப்பு. மறுநாளே ஒரு முஸ்லிம் குடும்பத்தின் பெயரில் வந்தது. பதிவு பாதியில் அறுந்துபோனது. அவர் முதலிலிருந்து தட்டினார். எனக்கு முகம் எரிந்தது.

பிறகு எந்தப் பெயரிலும் வராத சதுர அடைப்புக்குறிக்கு மாற்றினேன். அவர் தன் பெயரைத் தட்டி இயந்திரத்துக்குள் நுழையும்போதே அது தானாக அமையும்படி தொடக்கக் கோப்பில் ஒரு வரி எழுதி வைத்தேன்.

"அண்ணே, ஏதாச்சும் பட்டியலை ஓட விட்டு, இதைத் தட்டிப் பாருங்க."

ஓட விட்டார். விரலை வைத்தார். பச்சை எழுத்துகள் அப்படியே நின்றன. மறுபடி ஓட விட்டார், மறுபடி நிறுத்தினார்.

"அன்னைக்கு ஸ்டோர்ல மிஷினை நிப்பாட்டுற சுவிச்சு எட்டலை தங்கச்சி," என்றார். "செவத்துல இருந்துச்சு. கத்துனேன், சத்தத்துல யாருக்கும் கேக்கலை."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தலைமை எழுத்தர் ஒரு வாரம் அவர் பின்னால் நின்று பார்த்தார். மேசை மாற்றுகிற பேச்சு அதன்பின் எழவில்லை.

அடுத்த வருடம் எனக்கு நுவரெலியாவுக்கு மாற்றலானது. ஒரு காலையில் ஹட்டனிலிருந்து அவர் தொலைபேசியில் அழைத்தார். கொழும்பிலிருந்து வந்தவர்கள் இயந்திரத்தைப் புதுப்பித்ததில் அந்த வரி அழிந்துவிட்டதாம்.

"யார்கிட்டயாவது போனைக் குடுங்கண்ணே, எழுதச் சொல்றேன்."

"வேணாம். நீங்க சொல்லுங்க, நானே அடிக்கிறேன்."

எழுத்து எழுத்தாகச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் காத்திருந்தேன். ஒருமுறை இடைவெளியை விட்டுவிட்டதாகச் சொல்லி, அழித்து மறுபடி அடித்தார். பிறகு ஒரு பட்டியலை ஓட விட்டுப் பார்ப்பதாகச் சொன்னார்.

"நிக்குது," என்றார். போனை வைத்துவிட்டார்.