எர்த்து ஷிவோராட்

அடுத்தவர் டிரெய்லருக்குப் பின்னால் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்துகொண்டு, "பிரேக்கை மிதி... விடு... இப்ப இடது பக்கம் போடு" என்று ஷிவோராட் உத்தரவிடுகிறார். முன்னால் காரில் இருப்பவர் மிதிக்கிறார், விடுகிறார். விளக்கு எரிகிறதா என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. சோதனை முடிவதற்குள் காபி வந்தாக வேண்டும். வராவிட்டால் பரிசோதனை நீளும்.

கூட்டுப்பண்ணையின் டிராக்டர் கொட்டகையில் மின்வேலை பார்த்தவர். கொட்டகையை மூடி வெகு காலமாயிற்று. அதிகாரத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அவரிடம் இருப்பது ஒரே ஒரு சித்தாந்தம். இடது சிக்னலைப் போட்டால் பின்னால் உள்ள அத்தனையும் மங்கலாகக் கண்ணடிக்கிறதா? எர்த்து. பிரேக்கை மிதித்தால் நம்பர் பலகை விளக்கு அணைகிறதா? எர்த்து. மனைவிக்கு முழங்கால் வலித்தபோதும் அதையே சொன்னதாக ஊரில் பேச்சு. எரிச்சல் என்னவென்றால், பெரும்பாலும் அவர் சொல்வதுதான் சரி. எர்த்து வயர் டிரெய்லரின் இரும்புச் சட்டத்தைத் தொடும் போல்ட்டில் இருக்கும் துருவைச் சமையல் கத்தியால் சுரண்டுவார். விளக்கு எரியும். அவர் விளக்கைப் பார்க்க மாட்டார், நம் முகத்தைப் பார்ப்பார்.

புது பல்பு வாங்கி மாட்டிவிட்டு வருகிறவர்கள் தொலைந்தார்கள். "பல்பு என்னடா பாவம் பண்ணிச்சு? கடைக்காரன் புள்ளைய நீதான் படிக்க வைக்கிறியா?"

இந்த மே மாதம் ஊருக்கு அந்தப் பக்கம் தெலிப்லாத்தோ மணல்காட்டில், தேனுக்குப் பேர்போன பாக்ரெம் மரங்கள் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தன. போன வருஷம் பூவெல்லாம் பனியில் கருகி, என் பக்கத்து வீட்டில் தேனீ வளர்க்கும் தெசாங்காவுக்கு ஒரு கரண்டித் தேன்கூடக் கிடைக்கவில்லை. இந்த முறை விடிவதற்கு முன்பே தேனீப் பெட்டிகளின் வாசலை அடைத்து, மணல்காட்டுக்குக் கொண்டுபோக டிரெய்லர் நிறைய ஏற்றிக் கட்டிவிட்டாள். அப்புறம் பார்த்தால் பின்விளக்கு ஒன்றுகூட எரியவில்லை. அந்தச் சாலையில் ஜல்லி லாரிகள் பேய்போல் ஓடும். போன வாரம்தான் இப்படிப் பின்விளக்கில்லாமல் போன ஒருவரைப் பின்னால் வந்து இடித்தது ஒன்று. எனவே ஷிவோராட்டுக்கு ஆள் போயிற்று.

வீட்டுச் செருப்போடு வந்தவர் வாசல் கதவருகிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார். சுரண்டினார். எரியவில்லை. பேட்டரியிலிருந்து தனி வயர் இழுத்து விளக்கில் எர்த்து கொடுத்துப் பார்த்தார். அதற்கும் விளக்கு மசியவில்லை. சூரியன் பெட்டிகள் மேல் ஏறியது. உள்ளே இரைச்சல் கூடிக்கொண்டே போனது; அடைத்து வைத்த தேனீ சூடேறிச் செத்துவிடும். தெசாங்கா கம்பிவலை மேல் தண்ணீர் தெளித்தபடி இருந்தாள். அவரோ மறுபடியும் அதே போல்ட்டைச் சுரண்டினார். உள்ளதைச் சொன்னால், அவர் சித்தாந்தம் தோற்பதைப் பக்கத்தில் நின்று பார்த்த எனக்கு அதுவரை கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கடைசியில் எழுந்தார். "சட்டத்துக்குள்ள போற வயரை எலி கடிச்சிருக்கு. பெட்டியெல்லாம் இறக்கு, வேற இழுத்துடறேன்."

"இறக்கி ஏத்தறதுக்குள்ள எல்லாம் உள்ளயே வெந்துடும் அண்ணே. உங்க எர்த்து வந்து உயிர் குடுக்குமா?" என்று கேட்டுவிட்டு அவள் காரில் ஏறிக் கிளப்பினாள்.

ஷிவோராட் காபிக்குக் காத்திராமல் கிளம்பினார். ஊர் வரலாற்றில் இது முதல் தடவை. நேரே தன் வீட்டுக்குப் போய்ப் பழைய காரை எடுத்து வந்தார். லாரிக்காரன் கண்ணில் அவளுடைய விளக்கில்லாத டிரெய்லருக்குப் பதிலாகத் தன் பின்விளக்கு படட்டும் என்று அதன் முதுகை ஒட்டியே ஓட்டினார். வேடிக்கையை விட மனமில்லாமல் நானும் பக்கத்தில் ஏறியிருந்தேன். அவள் வேகம் குறைத்த இடத்திலெல்லாம் இவர் பிரேக்கை மிதித்தார்.

மணல்காட்டுக்கு இடது பக்கம் திரும்ப வேண்டிய இடம் வந்தது. அவர் தன் காரின் சிக்னல் சுவிட்சைத் தள்ளினார். டிக்டிக் சத்தம் இரண்டு மடங்கு வேகத்தில் அடித்துக்கொண்டது. அப்படி அடித்தால் பல்பு போய்விட்டது என்று அர்த்தம். அது எனக்கே தெரியும்.

"எர்த்தா, அண்ணே?" என்றேன்.

அவர் தன் இடப்பக்கத்து ஜன்னல் கண்ணாடியை இறக்கி, இடது கையைத் தோள்வரை வெளியே நீட்டினார். பின்னால் வந்த ஜல்லி லாரி ஹாரனை அடித்துத் தீர்த்தது. கடைசிப் பெட்டி திருப்பத்தைத் தாண்டும்வரை அவர் கையை உள்ளே எடுக்கவில்லை.